நெடுந்தூர ஓட்டம்: ஆசையின் வேகமும் எலும்பின் வேகமும்

அத்தியாயம் 3

ஜொகூரின் கூலாய் வட்டாரப் பள்ளிகளில் நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவர் அடையாளம் காணப்படுவது பெரும்பாலும் குறுக்கோட்டப் போட்டி நாளில்தான். திடலில் நடக்கும் 100 மீட்டர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுக்கே வராத பிள்ளை, பள்ளியைச் சுற்றியுள்ள தாமான் சாலைகளில் ஓடவிட்டால் முதல் பத்துப் பேருக்குள் வந்து நிற்கும். ஆசிரியர் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுப்பார். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் பேச்சு மாறிவிடும். எத்தனை சுற்று, எத்தனை நிமிடம், எந்தக் காலணி என்பதே நினைப்பாக இருக்கும். யாரும் சொல்லாமலே தினமும் ஓடத் தொடங்கும்.

அது நல்ல ஆசை. அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் பல பிள்ளைகள் ஓட்டத்தைக் கைவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும், குதிகாலில் வலி வரும், தேர்வுகள் நெருங்கும். ஒரு தோல்விக்குப் பிறகு காலணி அலமாரிக்குள் போய்விடும். ஆசை குறைவாக இருந்ததால் இப்படி ஆவதில்லை. ஆசை போகும் வேகத்துக்கு உடலை இழுத்துக்கொண்டு போனதால் ஆகிறது. அந்த இரண்டு வேகத்தையும் எப்படி இணைப்பது என்பதே இந்த அத்தியாயம்.

எது முதலில் பழகும், எது கடைசியில்?

தொடர்ந்து ஓடத் தொடங்கினால் சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும். இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தை அனுப்பும், இரத்தத்தின் அளவும் சற்றுக் கூடும். தசைகள் உறுதிப்படச் சில மாதங்கள் வேண்டும். தசைநார்களும் எலும்பும் இன்னும் மெதுவாகவே பழகும். ஆகவே ஆறாவது வாரத்தில் நுரையீரல் “இன்னும் ஓடலாம்” என்று சொல்லும்போது, எலும்பு அதற்குத் தயாராக இருப்பதில்லை.

வளரும் வயதில் இன்னொரு காரணமும் சேர்கிறது. எலும்பின் நுனிகளில் குருத்தெலும்பாலான வளர்தட்டுகள் இருக்கும். தசைநார் பிடித்திழுக்கும் இடங்களில் இவை முதிர்ந்த எலும்பைவிடப் பலவீனமானவை. 8 வயது முதல் 14 வயது வரை குதிகாலின் பின்பகுதியிலும், 10 முதல் 15 வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள புடைப்பிலும் வலி வருவது இதனால்தான். திடீரென உயரம் கூடும் மாதங்களில் இந்த வலி அதிகம் தென்படும். அந்த மாதங்களில் ஓட்டத்தைக் கூட்டாதீர்கள்.

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் மரத்தைச் சீவுவதற்கு முன் அதன் தண்டைச் சுற்றி அளந்து பார்ப்பார்கள். மரம் எத்தனை உயரம் வளர்ந்திருந்தாலும், தண்டு பருக்கும்வரை கத்தி வைக்க மாட்டார்கள். உங்கள் கால்களுக்கும் அந்தப் பொறுமையைக் கொடுங்கள்.

மெதுவாக ஓடுவதே பயிற்சியின் பெரும்பகுதி

மாணவர்கள் செய்யும் மிகப் பொதுவான பிழை, ஒவ்வொரு நாளும் போட்டி போல ஓடுவது. வாரத்தில் ஓடும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு எளிதான ஓட்டமாக இருக்கட்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வரும் நண்பரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது எளிதான ஓட்டம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது.

இது சோம்பேறித்தனமான முறை என்று எண்ண வேண்டாம். நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் தம் ஓட்டக்காரர்களை நீண்ட, சீரான ஓட்டங்களால்தான் வளர்த்தார். 800 மீட்டர் ஓடிய பீட்டர் ஸ்னெல்கூட ஆக்லாந்து மலைப்பாதையில் 22 மைல் தூரம் ஓடிப் பழகியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில், செப்டம்பர் 2 அன்று, ஸ்னெல் 800 மீட்டரிலும் அவருடைய தோழர் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். அவர்கள் ஓடிய தூரம் வளர்ந்தவர்களுக்கானது. அதைப் பின்பற்ற வேண்டாம். முதலில் அடித்தளம், பிறகு வேகம் என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூலாயில் எங்கே ஓடலாம்?

*புல்திடல்.* பள்ளித் திடலும் தாமான் திடலும்தான் முதல் தேர்வு. புல்தரை காலுக்கு இதமானது, குழிகள் உள்ளனவா என்று மட்டும் ஒருமுறை நடந்து பாருங்கள். திடலைச் சுற்றி எத்தனை மீட்டர் என்று அளந்து வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் ஓடுதளம்.

*தாமான் சாலைகளும் பூங்காக்களும்.* இந்தாபுரா, பண்டார் புத்ரா போன்ற புதிய குடியிருப்புப் பகுதிகளின் உட்சாலைகள் அகலமானவை. வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி ஓடுங்கள், வெளிர்நிறச் சட்டை அணியுங்கள், காதில் ஒலிக்கருவி வேண்டாம். கூலாய் ஊடே செல்லும் பழைய கூட்டரசுச் சாலை லாரிகளுக்கானது. அதன் ஓரத்தில் ஓடவே கூடாது.

*செம்பனைத் தோட்டப் பாதைகள்.* செம்மண் பாதை நல்ல தளம். ஆனால் தோட்டம் தனியார் நிலம். நிர்வாகத்திடம் ஆசிரியர் மூலம் அனுமதி பெறுங்கள். தனியாகப் போகாதீர்கள். பழக்குலை ஏற்றும் லாரிகள், நாய்கள், பாம்புகள் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்து, பாதையின் நடுவிலேயே ஓடுங்கள்; லாரி வந்தால் மட்டும் ஒதுங்கி நில்லுங்கள்.

*பூலாய் மலை.* 654 மீட்டர் உயரமுள்ள இந்த மலையில் உச்சிவரை தார்ச்சாலை ஏறுகிறது. மாதம் ஒருமுறை பெரியவர்களின் துணையோடு போனால் போதும். ஏறும்போது மெதுவாக ஓடலாம். இறங்கும்போது நடந்து வாருங்கள். ஏற்றம் தசையை வளர்க்கும். இறக்கத்தில் வேகமாக ஓடினால் முழங்காலும் முன்னெலும்பும் அடிவாங்கும்.

செயற்கைத் தளத்தில் ஓடிப் பார்க்க விரும்பினால், ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கம் போன்ற இடங்களைப் பயன்படுத்துவதற்கான நேரத்தையும் அனுமதியையும் ஆசிரியர் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

எப்போது ஓடலாம்?

இங்கே சூரியன் எழுவது ஏறக்குறைய காலை 7 மணிக்கு. அதற்குள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே பள்ளி நாளில் விடியற்காலை ஓட்டம் என்றால் இருட்டில் ஓட்டம் என்று பொருள். அது வேண்டாம். மாலை 5.30 மணிக்குப் பிறகு வெயில் தணிந்ததும் ஓடுங்கள். 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியிருக்கிறது. சனிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் நீண்ட ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

*வெப்பம்.* நம் ஊரில் வெப்பத்தைவிட ஈரப்பதமே பெரிய சிக்கல். வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடினால் உடல் குளிர்வதில்லை. நீண்ட விடுமுறைக்குப் பிறகு மீண்டும் தொடங்கும்போது, உடல் வெப்பத்துக்குப் பழக இரண்டு வாரங்கள் எளிதாக மட்டும் ஓடுங்கள். உடன் ஓடுபவர் தடுமாறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, அது சாதாரணக் களைப்பாக இருக்காது. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, 999 எண்ணை அழையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது.

*இடி.* மாலை மழை இங்கே வழக்கம். இடிச்சத்தம் கேட்டவுடன் திடலை விட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பாதீர்கள். மரத்தடி பாதுகாப்பான இடம் இல்லை.

*புகைமூட்டம்.* காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன. வீட்டுப் பயிற்சிக்கும் அதுவே எல்லை. அன்று வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யலாம்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

13 முதல் 15 வயதுக்குள், நிற்காமல் 20 நிமிடம் ஓட முடிந்த மாணவருக்கான திட்டம் இது. இலக்கு 3000 மீட்டர் அல்லது அதை ஒட்டிய குறுக்கோட்டம். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் நடையும் மெல்லோட்டமுமாக உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

*1 முதல் 4 வாரம் வரை: பழக்கம்*
- செவ்வாய்: 25 நிமிடம் எளிதான ஓட்டம்.
- வியாழன்: 20 நிமிடம் எளிதான ஓட்டம்; பிறகு புல்லில் 80 மீட்டர் விரைவு ஓட்டம் 6 முறை. முழு வேகம் வேண்டாம், நடையழகு குலையாமல் ஓடினால் போதும்.
- சனி: 35 முதல் 40 நிமிடம்.
- வாரத்தில் ஒரு நாள் பந்து, பூப்பந்து என்று வேறு விளையாட்டு.

*5 முதல் 8 வாரம் வரை: வலிமை*
- செவ்வாய்: மிதமான ஏற்றத்தில் 30 வினாடி ஓட்டம் 8 முறை, ஒவ்வொரு முறையும் நடந்து இறங்குங்கள்.
- வியாழன்: 30 நிமிடம் எளிதான ஓட்டம், 6 விரைவு ஓட்டங்கள்.
- சனி: 45 முதல் 50 நிமிடம்.
- 7-ஆம் வாரம் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

*9 முதல் 11 வாரம் வரை: போட்டி வேகம்*
- செவ்வாய்: 600 மீட்டர் 5 முறை, போட்டி வேகத்தில், இடையே 2 நிமிடம் மெல்லோட்டம்.
- வியாழன்: 30 நிமிடம் எளிதான ஓட்டம்.
- சனி: 45 நிமிடம்.

*12-ஆம் வாரம்: போட்டி*
- ஓட்ட நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு 15 நிமிடம் எளிதாக ஓடி, 4 விரைவு ஓட்டங்கள் மட்டும். கடைசி வாரத்தில் கூடுதலாக ஓடி எதையும் சேர்க்க முடியாது, களைப்பை மட்டும் சேர்க்கலாம்.

எல்லா வாரங்களிலும், ஓட்டம் முடிந்ததும் குதிகால் உயர்த்துதல், ஒற்றைக்காலில் நிற்றல், குந்தி எழுதல் ஆகியவற்றைப் பத்து நிமிடம் செய்யுங்கள். கணுக்காலையும் இடுப்பையும் காப்பவை இவை.

வேகத்தைக் கணக்கிடுங்கள்

ஓடுதளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். 3000 மீட்டர் ஏழரைச் சுற்று, 5000 மீட்டர் பன்னிரண்டரைச் சுற்று. 3000 மீட்டரை 12 நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 96 வினாடி. அப்படியானால் 600 மீட்டர் 2 நிமிடம் 24 வினாடி. செவ்வாய்க்கிழமை ஐந்து முறையும் இதே நேரத்தில் முடிக்கப் பழகுங்கள். முதலாவதை 2 நிமிடம் 10 வினாடியில் ஓடி, ஐந்தாவதை 2 நிமிடம் 50 வினாடியில் முடிப்பவர் போட்டியிலும் அப்படித்தான் ஓடுவார்.

மலேசிய ஓட்டக்காரர் எம். ராமச்சந்திரன் 1994-இல் 5000 மீட்டரை 14 நிமிடம் 6.84 வினாடியில் ஓடினார். பல பத்தாண்டுகள் தேசியச் சாதனையாக நின்ற நேரம் அது. கணக்குப் போட்டால் சுற்றுக்கு 68 வினாடிக்கும் சற்றுக் குறைவு. 400 மீட்டர்ச் சுற்று ஒன்றை மட்டும் 68 வினாடியில் ஓடிப் பாருங்கள். அதை விடாமல் பன்னிரண்டரைச் சுற்று ஓடுவது என்றால் என்னவென்று கால்களே சொல்லும். நம் சமூகத்தில் பிறந்த ஒருவர் எட்டிய உயரம் அது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நேரத்துக்காக ஓடுவதும் பதக்கத்துக்காக ஓடுவதும் வெவ்வேறு. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையைச் சேர்ந்த ஜி. லட்சுமணன், 2017-இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அந்த 5000 மீட்டரில் அவருடைய நேரம் 14 நிமிடம் 54 வினாடி. இந்திய வெப்பத்தில் கூட்டமாக மெதுவாக ஓடி, கடைசியில் முந்தும் வகைப் போட்டி அது. மாவட்டப் போட்டியிலும் இதே பாடம் உண்டு. முதல் சுற்றில் எல்லோரும் பாய்வார்கள். நீங்கள் உங்கள் 96 வினாடியிலேயே இருங்கள். பாதித் தூரத்துக்குப் பிறகு முன்னால் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கடந்து வாருங்கள். கடைசி 300 மீட்டருக்குச் சக்தியை மிச்சம் வையுங்கள்.

சாப்பாடும் தூக்கமும்

வளரும் பிள்ளை ஓடினால் அதிகம் சாப்பிட வேண்டும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். போதிய உணவில்லாத உடல் முதலில் எலும்பைத்தான் பலவீனமாக்கும்.

பள்ளி முடிந்து வந்து ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழமோ, இரண்டு இட்லியோ, ரொட்டித் துண்டும் மைலோவுமோ போதும். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் எண்ணெய் மிகுந்தவை. அவற்றை ஓடிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன், காய் என்று முழுச் சாப்பாடு. நெத்திலி, கீரை, பயறு, தெம்பே ஆகியவை மலிவாகவே கிடைக்கும் சத்து. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடலில் சேராது. தே தாரிக்கை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பதிலாகக் கொய்யா சாப்பிடுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை ஏற்க உதவும்.

பதின்ம வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதிகாலை எழ வேண்டிய பள்ளி நாட்களில் இரவு 9.30 மணிக்குக் கைப்பேசியை வெளியே வைத்துவிடுங்கள். தூங்காத வாரத்தில் செவ்வாய்க்கிழமைக் கடினப் பயிற்சியை எளிதான ஓட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் ஒரு முன்னோடி இருக்கிறார். சிங்கப்பூரின் கே. ஜெயமணி 1977 கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டில் 1500, 3000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 1983-இல் சிங்கப்பூரில் நடந்த அதே விளையாட்டில் பெண்கள் மாரத்தானிலும் தங்கம். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் சேர்க்கப்பட்டதே அடுத்த ஆண்டுதான். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு தூரம்?” என்று கேட்கும் உறவினருக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் உடல் இடம் கொடுத்தால் ஓடலாம். தொடங்கிய மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராமல் நின்றால் அது பயிற்சியின் வெற்றி என்று எண்ணக் கூடாது. உணவு போதவில்லை என்ற எச்சரிக்கையாக இருக்கலாம். அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். காரணமில்லாமல் தொடர்ந்து களைப்பாக இருந்தால் சுகாதாரக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோதிக்காமல் இரும்புச்சத்து மாத்திரை போடாதீர்கள்.

எந்த வலியோடு ஓடலாம்?

தசை முழுவதும் பரவிய வலி, இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருந்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் பயமில்லை. ஆனால் ஒரு விரல்நுனியால் தொட்டுக்காட்டக்கூடிய எலும்பு வலி, ஓட ஓடக் கூடும் வலி, இரவில் எழுப்பும் வலி, நடையைக் கோணலாக்கும் வலி ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்பைத் தொடக்கத்திலேயே கண்டால் சில வாரங்களில் ஆறும். மறைத்து ஓடினால் அந்த ஆண்டே போய்விடும். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடவே கூடாது.

காய்ச்சலோடும் ஓடக் கூடாது. அது இதயத்தசையைப் பாதிக்கலாம். டெங்கி வந்து குணமானவர்கள், மருத்துவர் அனுமதித்த பிறகு நடையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

பிள்ளை ஓடி முடித்து வந்ததும் “எத்தனாவது?” என்று கேட்காதீர்கள். “எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கப்படும் பிள்ளை, கால் வலியையும் சேர்த்து மறைத்துவிடும்.

விலையுயர்ந்த காலணி தேவையில்லை. விரல்நுனிக்கு முன் கட்டைவிரல் அகல இடைவெளி இருந்து, குதிகால் வழுக்காமல் பிடித்தால் போதும். வளரும் வயதில் காலணி தேய்வதற்கு முன்பே சிறியதாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். தேதி, ஓடிய நிமிடம், உடல்நிலை, தூக்கம் ஆகிய நான்கையும் பிள்ளையே எழுதட்டும். மாரத்தானில் இரு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற கென்யாவின் எலியுட் கிப்சோகேகூடத் தம் பயிற்சியைக் கையால் எழுதி வைப்பவர். தேர்வு மாதத்தில் ஓட்டத்தை முழுவதும் நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரம் மூன்று நாள், 25 நிமிடம் எளிதாக ஓடுவது படிப்புக்கும் உதவும், உடலும் பழக்கத்தை இழக்காது.

பள்ளிப் போட்டியிலிருந்து மாவட்டம், ஜொகூர் மாநிலம், பிறகு மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் தேசியப் போட்டி என்று பாதை ஏறுகிறது. அதற்கு மேல் சுக்மா எனப்படும் மலேசிய விளையாட்டுப் போட்டி. கோத்தா திங்கி மாவட்டத்தின் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. அதன் தேர்வு அறிவிப்பை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். ஓட்டத்தில் தேறாத பிள்ளைக்கும் நெடுந்தூரத்தில் இடமுண்டு. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் தங்கம் வென்றது 50 கிலோமீட்டர் வேகநடையில்.

மாரத்தானுக்கு மட்டும் அவசரம் வேண்டாம். 42 கிலோமீட்டர் 18 வயதுக்குப் பிறகு. அதுவரை 1500, 3000, 5000, குறுக்கோட்டம். இந்த வயதில் வேகமும் நல்ல ஓட்டநடையும் வளர்ந்தால் தூரத்தைப் பிறகு சேர்க்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பள்ளித் திடலைச் சுற்றி ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள்.
2. பேசிக்கொண்டே 20 நிமிடம் ஓட முடிகிறதா என்று ஒரு நண்பரோடு சோதியுங்கள். முடியாவிட்டால் 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று தொடங்குங்கள்.
3. முன்னெலும்பு, முழங்கால், குதிகால் மூன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, வலிக்கும் இடத்தைப் பெற்றோரிடம் காட்டுங்கள்.
4. வார ஓய்வு நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பயிற்சி நாளைப் போலவே அதையும் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

அடுத்த குறுக்கோட்டத்தில் வெல்வது நல்லது. அதைவிடப் பெரிய இலக்கு ஒன்று உண்டு: படிவம் 5 முடிக்கும்போதும் காயமில்லாத காலோடு, ஓட வேண்டும் என்ற ஆசை குறையாமல் இருப்பது. இந்தத் திட்டத்தின் ஒவ்வொரு எண்ணும் அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.